இணையத்தில் பணம் போனால் பாரம் யார் தலையில்?

ஏப்ரல் 15 வந்துவிட்டால் நம் கடற்கரையில் விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும். தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நேரே வங்கிக் கணக்கில் ஏறும். அந்த நாட்களில் பாம்பனில் ஓர் அக்காவின் போனுக்கு ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'உங்கள் நிவாரணத் தொகை நிலுவையில் உள்ளது, கீழே உள்ள இணைப்பைத் தொட்டு விவரத்தைச் சரிபார்க்கவும்.' அவர் தொடுகிறார். பிறகு ஒரு குரல் மரியாதையாகப் பேசி ஓடிபி கேட்கிறது. சொல்லிவிடுகிறார். நிவாரணப் பணமும், கடற்பாசி எடுத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன.

இதற்கு யார் பொறுப்பு? ஏமாற்றியவன்தான் முதல் ஆள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவனோடு கணக்கு முடிவதில்லை. அடுத்தவர் பெயரில் அவனுக்கு சிம் கொடுத்த கடை இருக்கிறது. அவன் பணத்தை வாங்கிக்கொண்ட கணக்கைத் திறந்துகொடுத்த வங்கி இருக்கிறது. அக்காவின் கணக்கிலிருந்து ஒருநாளும் இல்லாத விதமாக மொத்தப் பணமும் வெளியேறியபோது நிறுத்திக் கேட்காத இன்னொரு வங்கி இருக்கிறது. அவருடைய பெயரும் போன் நம்பரும் ஏதோ ஒரு பட்டியலிலிருந்து கசிந்திருந்தால், அந்தப் பட்டியலைக் காக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் ஓடிபி சொன்ன அக்காவும் இருக்கிறார்.

சைபர் பாதுகாப்புச் சட்டம் இயற்றுவது என்றால், இவர்களில் யார் மேல் எவ்வளவு பொறுப்பை வைப்பது என்று முடிவு செய்வதுதான். நாட்டுக்கு நாடு அந்த முடிவு மாறுகிறது. 'தரவுப் பாதுகாப்பு மசோதா', 'தகவல் தொழில்நுட்ப விதிகள்' என்று செய்தித்தாளில் வரும்போது இது படித்தவர்கள் சமாச்சாரம் என்று பக்கத்தைத் திருப்ப வேண்டியதில்லை. இந்தச் சட்டம் பாரத்தை யார் தலையில் ஏற்றுகிறது என்ற ஒரு கேள்வியோடு வாசித்தால், பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

டெல்லியா, சென்னையா?

முதலில் சட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி தொலைபேசி, கம்பியில்லாத் தொடர்பு எல்லாம் ஒன்றிய அரசின் பட்டியலில் வருகின்றன. காவல்துறை மாநிலப் பட்டியலில் வருகிறது. ஆகவே கணினிக் குற்றத்துக்கான அடிப்படைச் சட்டத்தை எழுதுவது நாடாளுமன்றம், அதைக் கையில் வைத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் வழக்கை விசாரிப்பது தமிழ்நாடு காவல்துறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78ஆம் பிரிவு, இந்தக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் நிலைக்குக் கீழே உள்ளவர்கள் விசாரிக்கக் கூடாது என்கிறது. அதனால் எத்தனை வழக்கு வந்தாலும், விசாரிக்கத் தகுதியுள்ள கைகள் குறைவாகவே இருக்கின்றன.

சட்டமன்றத்துக்கும் இதில் வேலை உண்டு. சூதாட்டம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடைசெய்தது. 2020இல் தமிழக அரசு ஒரு சைபர் பாதுகாப்புக் கொள்கையையும் வெளியிட்டது. கொள்கை வேறு, சட்டம் வேறு. அரசு எந்தத் திசையில் போக நினைக்கிறது என்பதைக் கொள்கை சொல்லும். அதை மீறியதற்காக ஒருவரைக் கூண்டில் ஏற்ற முடியாது.

சட்டத்துக்கு உள்ளேயும் அடுக்குகள் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. எந்த வலை கூடாது என்பதையெல்லாம் அதன் கீழ் வரும் விதிகளும் அரசாணைகளும் சொல்கின்றன. இன்று கடலுக்குப் போகலாமா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கிடைக்கும் டோக்கன் சொல்கிறது. சட்டமன்ற உறுப்பினர் கையைத் தூக்கி ஆதரித்தது மேல் அடுக்கை மட்டும்தான். படகு வைத்திருப்பவரின் நாளைத் தீர்மானிப்பது கீழ் அடுக்கு. தொழில்நுட்பச் சட்டத்திலும் அதே கதைதான். நாடாளுமன்றம் எலும்புக்கூட்டை நிறைவேற்றுகிறது. சதையை அமைச்சகம் விதிகளாக வைக்கிறது. விதிகள் அவையில் தாக்கல் செய்யப்படும், ஆனால் அவற்றின் மேல் விவாதம் நடப்பது மிக அரிது. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலை தடைசெய்யப்பட்டும் கடலில் அது ஓய்ந்தபாடில்லை என்று நாட்டுப்படகுக்காரர்கள் இன்றைக்கும் முறையிடுகிறார்கள். தாளில் இருப்பதும் களத்தில் இருப்பதும் ஒன்றல்ல என்பதைக் கணினிச் சட்டத்திலும் மறந்துவிடக் கூடாது.

குற்றவாளியைத் தண்டிப்பது

எந்த நாட்டிலும் சட்டம் இயற்றுகிறவர்களுக்கு முதலில் தோன்றும் வழி இது. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. 2008இல் அதைப் பெரிதாகத் திருத்தினார்கள். 66சி பிரிவு, அடுத்தவரின் கடவுச்சொல்லையோ மின்கையொப்பத்தையோ திருடிப் பயன்படுத்துவதற்கு. 66டி பிரிவு, கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு. இரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நம் அக்காவின் புகார் வந்தால் முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் 66டி. 2023இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், மோசடியாக சிம் வாங்குவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது.

தண்டனை கடுமையாக இருந்தால் குற்றம் குறையும் என்று நம்பத் தோன்றும். ஆனால் ஆள் அகப்பட்டால்தானே தண்டனை? மோசடிக் கும்பல்கள் பல, நாட்டுக்கு வெளியே இருக்கின்றன. கம்போடியாவிலும் மியான்மரிலும் கணினி வேலை என்று சொல்லி அழைத்துப்போய், வளாகங்களில் அடைத்து, மோசடி செய்ய வைத்திருந்த இந்திய இளைஞர்களை அரசு மீட்டு வந்ததை நாம் செய்திகளில் பார்த்தோம். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். போனின் மறுமுனையில் பேசுகிறவனே கட்டாயத்தில் பேசுகிறான் என்றால் சட்டத்தின் கை யாரைப் பிடிக்கும்? அதோடு, ஆதாரம் இருக்கும் சர்வர் ஒரு நாட்டில், பணம் போன கணக்கு இன்னொரு நாட்டில். நாடுகள் ஒன்றுக்கொன்று உதவ 2001இலேயே புடாபெஸ்ட் உடன்படிக்கை வந்தது. தனுஷ்கோடிக்கு அக்கரையில் இருக்கும் இலங்கை 2015இல் அதில் சேர்ந்துவிட்டது. இந்தியா சேரவில்லை. தாங்கள் பங்கெடுக்காமல் எழுதப்பட்ட உடன்படிக்கை என்பது டெல்லியின் நெடுநாள் மனக்குறை.

தண்டனைச் சட்டத்தில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. வார்த்தை தளர்ந்தால் அது தவறான ஆளைப் பிடிக்கும். 2008 திருத்தத்தில் வந்த 66ஏ பிரிவு, புண்படுத்தும் செய்தி அனுப்பினால் மூன்று ஆண்டு வரை சிறை என்றது. எது புண்படுத்துவது என்று சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் ஒரு முகநூல் பதிவுக்காக இரண்டு இளம்பெண்களும், புதுச்சேரியில் ஒரு ட்விட்டர் பதிவுக்காக ஒரு தொழில்முனைவரும் 2012இல் கைதானார்கள். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்று நீக்கியது. வழக்குப் போட்ட ஷ்ரேயா சிங்கால் அப்போது சட்ட மாணவி. நீக்கிய பிறகும் சில காவல் நிலையங்களில் 66ஏ-யில் வழக்குப் பதிந்துகொண்டிருந்ததை 2021இல் அதே நீதிமன்றம் அதிர்ச்சியோடு குறிப்பிட்டது. அந்தத் திருத்தம் 2008 டிசம்பரில் மக்களவையில் கூச்சலுக்கு நடுவே விவாதமே இல்லாமல் நிறைவேறியது. ஒரு மணி நேரம் பேசியிருந்தால் அந்த வார்த்தைகளில் ஒன்றிரண்டாவது அவையில் யார் கண்ணிலாவது பட்டிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

வைத்திருப்பவரைப் பொறுப்பாக்குவது

அடுத்த வழி, திருடனைத் துரத்துவதோடு நிற்காமல், பணத்தையும் தகவலையும் கையில் வைத்திருப்பவரிடம் பொறுப்பைக் கேட்பது. என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். திருடன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. வங்கி எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

இதன் எளிய வடிவம், ஊடுருவல் நடந்தால் மறைக்காமல் சொல் என்பது. இந்தியாவில் இதற்கான அமைப்பு செர்ட்-இன். 2004இலிருந்து இயங்குகிறது. 2022 ஏப்ரலில் அது போட்ட உத்தரவுப்படி, ஒரு நிறுவனம் தன் கணினிகளில் ஊடுருவல் நடந்ததை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் தனிநபர் தகவல் கசிவுக்கு 72 மணி நேரம் தருகிறது. ஆறு மணி நேரம் என்பது கேட்க வேகமாக இருக்கிறது. ஆனால் செர்ட்-இன்னுக்குச் சொன்னால் அது அரசுக்குத் தெரியும். நம் அக்காவுக்குத் தெரியுமா? அந்த உத்தரவில் அவருக்கு இடமில்லை.

அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தனிமனித மறைவுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். அதன்பின் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு அறிக்கை, 2019 மசோதா, கூட்டுக்குழுவில் இரண்டு ஆண்டு, 2022இல் மசோதா வாபஸ் என்று இழுத்தது. கடைசியில் 2023இல் புது மசோதா வந்தது. மக்களவையில் ஆகஸ்ட் 7, மாநிலங்களவையில் ஆகஸ்ட் 9. தகவலைப் பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். கசிவு நடந்தால் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும். இது நல்ல ஏற்பாடு.

ஆனால் அந்த 250 கோடி எங்கே போகிறது என்று பாருங்கள். சட்டத்தின் 34ஆம் பிரிவு, வசூலாகும் அபராதம் முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது அரசின் கஜானாவுக்குப் போகும் என்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு உண்டு. கவனக்குறைவால் தகவல் கசிந்து நஷ்டம் வந்தால் அந்த நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கலாம் என்கிறது. புதிய சட்டமே அந்தப் பிரிவை நீக்கச் சொல்கிறது. பாரத்தை நிறுவனத்தின் மேல் ஏற்றிய சட்டம், இழந்தவரின் கையை வெறுமையாக விட்டிருக்கிறது. நாடாளுமன்றம் திரும்பிப் பார்க்க வேண்டிய இடங்களில் இதை நான் முதலில் வைப்பேன். அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு அந்தச் சட்டத்திலிருந்தே விலக்குத் தரலாம் என்று 17ஆம் பிரிவில் இருப்பதை இரண்டாவதாக வைப்பேன். நலத்திட்டப் பட்டியல்களில் நம் பெயரும் நம்பரும் இருப்பது பெரும்பாலும் அரசிடம்தானே.

இப்போது வங்கிக்கு வருவோம். இங்கே விதி எழுதியது நாடாளுமன்றம் அல்ல, ரிசர்வ் வங்கி. 2017 ஜூலையில் வந்த அதன் சுற்றறிக்கையை ஒவ்வொரு வாடிக்கையாளரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு இழப்பே கிடையாது. வங்கியும் வாடிக்கையாளரும் காரணமில்லாமல் வெளியே எங்கோ நடந்த ஊடுருவல் என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் முழு இழப்பும் வங்கிக்கு. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால், புகார் செய்யும் வரை போன பணம் அவர் தலையில், புகாருக்குப் பிறகு போவது வங்கியின் தலையில். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் கடமையும் வங்கிக்குத்தான்.

சிக்கல் அந்தக் 'கவனக்குறைவு' என்ற இடத்தில் இருக்கிறது. பணம் போனவர்களிடம் பேசிப் பார்த்தால் இது புரியும்.

"அக்கா, மொதல்ல 1930க்கு போன் போடுங்க. பேங்குக்கு அப்புறம் போவோம்."

"எதுக்குத் தம்பி? நாந்தானே நம்பரச் சொன்னேன். என் தப்புத்தானே?"

1930 என்பது இணையப் பண மோசடிக்கான அரசு உதவி எண். கடற்கரையில் இந்தப் பேச்சை எந்த ஊரிலும் கேட்கலாம். கீழக்கரையில் அக்கா இருக்கும் இடத்தில் ராத்தா இருப்பார், அவ்வளவுதான் மாற்றம். ஓடிபி சொன்னால் கவனக்குறைவு என்று விதி முடித்துவிடுகிறது. சொன்னவரும் வெட்கப்பட்டுப் புகாரே கொடுக்காமல் இருந்துவிடுகிறார். மரியாதையாகப் பேசி, பெயர் சொல்லி, நிவாரணத் தொகையைக் கூட சரியாகச் சொல்லி நம்பவைத்த ஒரு கும்பலிடம் தோற்றதைக் கவனக்குறைவு என்று சொல்வது நியாயமா?

பிரிட்டன் இந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லிவிட்டது. அங்கே 2023இல் நாடாளுமன்றம் வழிசெய்துகொடுக்க, 2024 அக்டோபர் 7 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. ஏமாற்றப்பட்டு ஒருவர் தன் கையாலேயே உள்நாட்டுக் கணக்கு ஒன்றுக்குப் பணம் அனுப்பிவிட்டாலும், 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும். அந்தத் தொகையில் பாதியை அனுப்பிய வங்கியும் பாதியைப் பெற்ற வங்கியும் ஏற்க வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அடிப்படை இதுதான். அந்தப் பாதிதான் மருந்து. மோசடிப் பணம் வந்து விழும் கணக்கைத் திறந்துவைத்திருக்கும் வங்கிக்கு இதுவரை ஒரு நஷ்டமும் இல்லை. தன் கையிலிருந்து பணம் போகும் என்று வந்த பிறகு, அந்தக் கணக்குகளை அது தேடித் தேடி மூடும். சிங்கப்பூர் 2024 டிசம்பரில் கொண்டுவந்த ஏற்பாட்டில் தொலைபேசி நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டது. போலி இணைப்பால் பணம் போனால் முதலில் வங்கி தன் கடமையைச் செய்ததா, அடுத்து தொலைபேசி நிறுவனம் செய்ததா என்று பார்த்து, தவறியவர் ஈடுகட்ட வேண்டும். இருவரும் செய்யவேண்டியதைச் செய்திருந்தால்தான் இழப்பு வாடிக்கையாளருக்கு வரும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த மோசடிக் கணக்குகள் வானத்திலிருந்து வருவதில்லை. கமிஷன் தருகிறேன், உன் பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடு என்று கேட்டால் சில பிள்ளைகள் கொடுத்துவிடுகிறார்கள். பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால், எங்கோ ஒரு மாநிலத்துப் போலீஸ் தேடி வரும் முதல் முகவரி உங்களுடையது. மாப்ள, சும்மா ஒரு அக்கௌன்ட்தானே என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

உள்ளே எட்டிப் பார்ப்பதும் தடைசெய்வதும்

மூன்றாவது வழியில் அரசு தன் கைக்கு அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காகத் தகவலை ஒட்டுக்கேட்கவும் மறைகுறியை (என்கிரிப்ஷன்) உடைத்துத் தரச் சொல்லவும் அரசுக்கு இடம் தருகிறது. 69ஏ, இணையதளத்தையோ செயலியையோ முடக்க. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை முடக்கியது இந்தப் பிரிவின் கீழ்தான். தடை என்பது எப்படி இருக்கும் என்று கீழக்கரைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துபாயில் ஆள் இருக்கும் வீடுகளில் வாட்ஸ்ஆப்பில் செய்தி அனுப்பலாம், குரல் அழைப்பு போகாது என்பதும், பேசுவதற்கு அங்கே அனுமதித்த வேறு செயலியை இறக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இதைவிடச் சிக்கலானது மறைகுறி. வாட்ஸ்ஆப் செய்தி அனுப்புபவர் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுபவர் போனில்தான் திறக்கிறது. நடுவில் நிறுவனத்தாலும் படிக்க முடியாது. 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கேட்டால் பெரிய நிறுவனங்கள் சொல்ல வேண்டும் என்றன. பூட்டை உடைக்காமல் அது முடியாது என்று வாட்ஸ்ஆப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வதந்தியால் உயிர் போன சம்பவங்கள் உண்மை. குழந்தைகளைக் குறிவைக்கும் குற்றங்கள் உண்மை. கேட்கிற போலீசாரின் நியாயத்தை நான் தள்ளவில்லை.

ஆனால் நல்லவருக்கு மட்டும் திறக்கும் வழியைக் கணிதத்தில் வைக்க முடியாது. கிரேக்க நாட்டில் 2004–05 வாக்கில் பிரதமர் உட்பட நூறு பேர் அளவில் போன் ஒட்டுக்கேட்கப்பட்டது. சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென்று தொலைபேசிச் சாதனத்தில் இருந்த வசதியைத்தான் யாரோ உள்ளே புகுந்து பயன்படுத்தியிருந்தார்கள். 2024இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் புகுந்தவர்கள், நீதிமன்ற உத்தரவுப்படி சேகரித்த தகவல்களையும் நகலெடுத்தார்கள் என்று அந்த அரசே சொன்னது. சீன அரசோடு தொடர்புள்ளவர்கள் என்றும் சொன்னது. அதன் பிறகு, முழுதும் பூட்டப்பட்ட செய்திச் செயலிகளையே பயன்படுத்துங்கள் என்று அதே அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு உயர் அதிகாரிகளுக்கு அறிவுரை தந்தது. நடுக்கடலில் பிடிபட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ராமேஸ்வரத்திலும் தங்கச்சிமடத்திலும் குடும்பங்கள் கேட்டுக்கொள்வதும், வழக்கறிஞரிடம் காகிதங்களைப் படமெடுத்து அனுப்புவதும் இதே செயலிகளில்தான். அந்தப் பூட்டு அவர்களுக்கும் வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் புது போன்கள் அனைத்திலும் 'சஞ்சார் சாத்தி' செயலியை நிறுவியே விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. தொலைந்த போனை முடக்கவும், உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கவும் உதவும் செயலி அது. நல்ல கருவி. ஆனால் கட்டாயம் என்றதும் எதிர்ப்பு கிளம்ப, டிசம்பர் 3 அன்று அரசே அதை விலக்கிக்கொண்டது. விருப்பப்பட்டால் இப்போதும் இறக்கிக்கொள்ளலாம்.

பொருளைச் செய்பவரைப் பொறுப்பாக்கும் நாலாவது வழியும் இருக்கிறது. ராமேஸ்வரம் விடுதிகளிலும் கடைகளிலும் தொங்கும் கேமராக்களில் பலவற்றுக்கு, வாங்கும்போது இருந்த கடவுச்சொல்லே இன்னும் மாறாமல் இருக்கும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அப்படி எளிதில் ஊகிக்கக்கூடிய ஒரே கடவுச்சொல்லோடு சாதனத்தை விற்கவே முடியாது. ஐரோப்பாவில் இதைவிட விரிவான சட்டம் 2024இல் வந்தது, அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் தொடங்கும்.

மின்நிலையம், துறைமுகம், வங்கிக் கட்டமைப்பு போன்றவற்றுக்குத் தனிக் காவல் வேண்டும் என்பதற்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70ஏ பிரிவின் கீழ் ஒரு தேசிய மையம் 2014இல் அமைக்கப்பட்டது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் (மால்வேர்) இருந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்புகள் தனியாக இருந்ததால் பாதிப்பில்லை என்றது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையமும், பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த செங்குத்தாக எழும் ரயில் பாலமும் இருக்கிற மாவட்டம் இது. இனி இங்கே கட்டப்படும் எதுவும் கணினி இல்லாமல் ஓடாது.

உறுப்பினர்களுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

இவ்வளவு நுணுக்கத்தையும் ஒரு எம்பி தனியாகப் படித்துத் தீர்க்க முடியாது. அமெரிக்க காங்கிரஸ் 1972இல் தனக்கென்று ஒரு தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் வைத்தது. 1995இல் செலவைக் குறைக்கிறோம் என்று மூடியது. இணையம் வீட்டுக்குள் வந்த நேரத்தில் அதைப் புரியவைக்கும் ஆட்களை அனுப்பிவிட்டார்கள். பிரிட்டன் நாடாளுமன்றத்தில் அப்படிப்பட்ட அலுவலகம் இன்றும் இருக்கிறது. நமக்கு அப்படித் தனி அலுவலகம் இல்லை. இருப்பது, தகவல் தொடர்பு மற்றும் தகவல் தொழில்நுட்பத்துக்கான நிலைக்குழு. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அதிகாரிகளையும் நிறுவனங்களையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும் இடம் அதுதான், அறிக்கைகளும் பொதுவில் கிடைக்கின்றன. மசோதா அங்கே போனால் வார்த்தை வார்த்தையாக அலசப்படும். 2025 இணைய விளையாட்டு மசோதா அங்கே போகவில்லை. ஆகஸ்ட் 20 அன்று மக்களவை, மறுநாள் மாநிலங்களவை, அதற்கு மறுநாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல். அந்தத் தடை தேவை என்றே நினைக்கிறேன், கடனில் மூழ்கிய குடும்பங்களைப் பார்த்தவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனாலும் இரண்டு நாளில் எழுதும் சட்டத்தை இன்னும் பலமாக எழுதியிருக்கலாம்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரைவு விதிகள் 2025 ஜனவரியில் மக்கள் கருத்துக்கு வந்தன, இறுதி விதிகள் அந்த நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில் தொடங்கும். அந்தச் சட்டத்தில் நமக்கென்றே ஒரு வரி இருக்கிறது. உங்கள் தகவலைக் கேட்கும் நிறுவனம், எதற்காகக் கேட்கிறது என்ற அறிவிப்பை எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் பெறும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் நீளமாக வரும் அறிவிப்பின் கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதைத் தொட வேண்டிய கட்டாயம் அப்போது இருக்காது.

அதுவரைக்கும் செய்ய வேண்டியது: பணம் போனது தெரிந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாண்டுவதற்குள் நிறுத்திவைக்க அதுதான் வழி. பிறகு வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கி பதில் சொல்ல வேண்டிய நாள் அங்கிருந்துதான் எண்ணப்படும். எம்பி ஊருக்கு வந்தால் பாலம், படகு, நிவாரணம் பற்றிக் கேட்கும்போதே இதையும் கேளுங்கள்: மோசடிப் பணத்தைப் பெற்ற வங்கி ஏன் பாதி தரக் கூடாது, 43ஏ-க்குப் பதிலாக இழப்பீட்டுக்கு என்ன வழி? கேள்வி நேரத்தில் அமைச்சரிடம் அவர் இதைக் கேட்கலாம், அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும்.